அந்நிய மொழியை அந்நிய மொழியாகவே கற்பிப்போம்

ஆங்கிலத் துறையைச் சேர்ந்த ஒருவன் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை தருவது முறையா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். இதை யார் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேனோ, அவர்கள் மலரின் ஆங்கிலப் பகுதியைப் புரட்டுவதே இல்லை. காரணம் அவ்வளவுதான்.

நம் கல்லூரிகளில் இளநிலைப் பட்ட வகுப்பு மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ். பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று முதன்மைப் பாடம். இவற்றுள் பகுதி இரண்டைக் கண்டு அஞ்சாதவர் அரியர். அஞ்சியவர்க்கோ, இருக்கவே இருக்கிறது ‘அரியர்’! சிலேடையை மன்னிக்க. ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தி அன்று. மூன்றாண்டு படித்து, முதன்மைப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்று, ஆங்கிலத்தில் ஒரு தாளோ இரண்டு தாளோ நின்றுபோனதால் பட்டம் கைக்கு வராமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளை இந்தக் காவிரிக் கரையில் ஊருக்கு ஒருவராவது காணலாம்.

ஏன் இப்படி? ஆங்கிலத்தைப் பாடத்திட்டங்களில் ‘இரண்டாம் மொழி’ என்று எழுதிவைத்திருக்கிறோம். இரண்டாம் மொழி என்றால் அது வீட்டில் இல்லாவிட்டாலும் வீதியிலாவது இருக்க வேண்டும். கடையில், பேருந்தில், அலுவலகத்தில் காதில் விழ வேண்டும். ஒரத்தநாட்டிலோ பேராவூரணியிலோ திருத்துறைப்பூண்டியிலோ காலை முதல் இரவு வரை கடைத்தெருவில் நின்று கேட்டுப்பாருங்கள். ஆங்கிலச் சொற்கள் ஆயிரம் கிடைக்கும். பம்புசெட், போர்வெல், லோடு, பேங்க் லோன், ரேஷன் கார்டு. ஆனால் ஓர் ஆங்கில வாக்கியம் கிடைக்காது. ‘டிராக்டர் ரிப்பேர்’ என்பதில் இரண்டுமே ஆங்கிலச் சொற்கள்தாம். ஆனால் ‘டிராக்டர் ரிப்பேர் ஆயிடுச்சு’ என்றுதான் எவரும் பேசுகிறார், முடித்துவைப்பது தமிழ். சொல் வந்துவிட்டது, வாக்கியம் வரவில்லை. இதைத்தான் நான் அந்நிய மொழி என்கிறேன். ‘அந்நியம்’ என்று சொன்னால் வெறுப்பு என்று பொருள் கொள்ள வேண்டா. எட்டத்தில் இருக்கிறது என்பதே பொருள். எட்டத்தில் இருப்பதை எட்டத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அங்கே போக வழி கேட்போம். பக்கத்தில் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டிருப்பதால்தான் நம் மாணவர் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர்.

அந்நிய மொழியை வளர்ந்த பிறகு கற்பது எப்படி என்பதற்குச் சான்று தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. தரங்கம்பாடி வரை போனால் போதும். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டென்மார்க் அரசர் அனுப்பிய மதபோதகராக அங்கே வந்து இறங்கினார் சீகன்பால்கு என்னும் செருமானிய இளைஞர். வயது இருபத்துநான்கு. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் என்ன செய்தார்? சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, அந்தப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு அதில் வெட்கம் தோன்றவில்லை. எழுத்து வந்தபின், மொழி தெரிந்த துபாசி ஒருவரை வைத்துக்கொண்டு நாள்தோறும் பேசினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் படித்தார். ஒன்பது ஆண்டுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்துவிட்டது.

கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனவர். இத்தாலியில் பிறந்து, வளர்ந்த பிறகு தமிழ் கற்று, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். அதை எல்லாரும் அறிவர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தம்மைப் போல வரும் ஐரோப்பியர்க்குத் தமிழ் கற்பிக்க அவர் இலக்கண நூல்கள் எழுதினார். பேச்சுத் தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுதினார். அவற்றை எந்த மொழியில் எழுதினார்? இலத்தீனில். கற்க வருபவனுக்கு முன்பே தெரிந்த மொழி அது. தெரிந்த கரையில் காலை ஊன்றிக்கொண்டு தெரியாத கரைக்குப் பாலம் போட்டார். கொடுந்தமிழுக்கு அவர் எழுதிய நூல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே பின்னர் அச்சேறியது. கத்தோலிக்க முனிவர் எழுதியதைப் போட்டிச் சபையார் அச்சிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. பயனுள்ள பாடநூலுக்கு அவ்வளவு தேவை இருந்தது!

இவர்களுக்குப் பின்னர் வந்த சுவார்ட்சு ஐயரும் 1750இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றுக்கொண்டவரே. அவரும் தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த சல்லிவனும் முயன்று, 1780களில் தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. அவர் பாதுகாப்பில் ஆங்கிலம் கற்ற இளவரசரே இரண்டாம் சரபோசி மன்னர். அவர் சேர்த்த ஆங்கில நூல்களைச் சரசுவதி மகாலில் இன்றும் பார்க்கலாம். ஆக, இந்த மண்ணில் ஆங்கிலக் கல்விக்கு வயது இருநூற்று நாற்பது ஆகிவிட்டது. அதைத் தொடங்கியவர்கள் முதலில் தமிழ் மாணவராக இருந்தவர்கள்.

இனிக் கும்பகோணம் அரசினர் கல்லூரிக்கு வருவோம். 1854இல் பள்ளியாகத் தோன்றிக் கல்லூரியாக வளர்ந்து, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பெற்றது. அங்கே மூவர்.

முதலாமவர் வலங்கைமானில் ஓர் ஏழைக் குடும்பத்தில் 1869இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் படித்து, மாயவரத்தில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். ஆங்கிலம் பேசினால் ஆங்கிலேயரே வாய் பிளந்து கேட்பர். வெள்ளி நாவினர் என்று பட்டம் சூட்டினர். காவிரித் தண்ணீர் குடித்தவனுக்கு ஆங்கிலம் வராது என்று யாரேனும் சொன்னால் வலங்கைமானைக் காட்டுங்கள்.

இரண்டாமவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். 1880 முதல் 1903 வரை அதே கல்லூரியில் தமிழாசிரியர். ஆங்கிலக் கல்வி பெறாதவர். சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தது அங்கிருந்த காலத்தில்தான். பாரிசு நகரத்துப் பேராசிரியர் சூலியன் வின்சோன் அவருக்குக் கடிதம் எழுதியபோது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதவில்லை, தமிழில் எழுதினார். சரக்கு இருக்குமிடம் தேடி உலகமே மொழி கற்றுக்கொண்டு வரும் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

மூன்றாமவர் இராமானுசன். 1904இல் உதவித்தொகையோடு அக்கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதியும் எப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை என்பது உண்மையே. ஆயினும் இதையும் பாருங்கள்: சிறுவயதில் தொடக்கநிலைத் தேர்வில் ஆங்கிலம் உட்பட எல்லாப் பாடங்களிலும் மாவட்டத்திலேயே முதலாக வந்த பிள்ளை அவர். ஆங்கிலம் தெரியாதவர் அல்லர். 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில்தான் போயிற்று. சென்னைத் துறைமுகத்தில் கணக்கர் வேலை பார்க்கிறேன், ஆண்டுச் சம்பளம் இருபது பவுன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, கிடைத்த ஓய்வில் கணக்குப் போட்டுவருகிறேன் என்று நேரே சொல்லிவிட்டுத் தேற்றங்களை அடுக்கினார். உடனிருந்த பெரியோர் துணைசெய்திருக்கலாம், இருந்தால் என்ன? கட்டுரைத் தாளில் தோற்ற ஆங்கிலம், சொல்ல வேண்டிய செய்தி ஒன்று நெஞ்சில் இருந்தபோது கடல் கடந்து போய் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஐந்தாண்டில் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

இந்தக் கதையை ‘மேதை தேர்வில் தோற்றார்’ என்று வியந்துவிட்டு விட்டுவிடுகிறோம். மேதை அல்லாத பிள்ளை தோற்றால் என்ன ஆகும் என்று நாம் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி. தாய் தந்தையர் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அவள்தான் அந்தத் தெருவில் முதல் பட்டதாரியாக வேண்டியவள். இயற்பியலில் வகுப்பிலேயே முதலாக வருவாள். ஆங்கிலத்தில் இரண்டு தாள் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஒன்று தேறினாள், மற்றொன்று நின்றது. முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்தது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. அவளுக்கு ஹார்டி கிடையாது.

தோற்ற தாள் எதைச் சோதித்தது? ஆங்கிலம் தெரியுமா என்பதையா? இல்லை என்பதே என் கருத்து. வகுப்பில் நடப்பது இதுதான். ஆசிரியர் ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, தமிழில் கதையைச் சொல்லிவிடுகிறார். மாணவர் அதைக் கேட்டுக்கொள்கின்றனர். பிறகு கடைத்தெருவில் கைடு வாங்குகின்றனர். அதில் கேள்வியும் பதிலும் இருக்கும். பதிலைப் பொருள் தெரியாமல் உருப்போட்டு, தேர்வன்று இறக்கிவைக்கின்றனர். நினைவாற்றல் உள்ளவர் தேறுகின்றனர், இல்லாதவர் தவறுகின்றனர். தேறியவரும் தமக்கென்று ஓர் ஆங்கில வாக்கியம் அமைத்தவர் அல்லர். தோற்றவரும் அமைக்க முயன்று தோற்றவர் அல்லர். இருவருக்கும் அந்த வாய்ப்பே தரப்படவில்லை. பெருவெட்டாகச் சொன்னால், நாம் நடத்துவது ஆங்கிலத்தைப் பற்றிய பாடம், ஆங்கிலப் பாடம் அன்று. நீச்சலைப் பற்றிக் கரையில் உட்கார்ந்து மூன்றாண்டு பேசியபின் ஆற்றில் தள்ளுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில், ஆங்கில வகுப்பில் தமிழுக்கு நாற்காலி போட வேண்டும். கதை சொல்ல அன்று. கதை சொல்லத்தான் இப்போதே பயன்படுத்துகிறோமே. இலக்கணம் சொல்ல. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்பதை மாணவன் ஒருவன் ‘டு மீ டூ பிரதர்ஸ் ஆர்’ என்று எழுதுகிறான். சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். அவன் மூடன் என்றும் எண்ணிவிடுகிறோம். அவன் மூடன் அல்லன். ‘எனக்கு’ என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபைப் பிசகாமல் ஆங்கிலத்தில் ஏற்றியிருக்கிறான். வினையைத் தமிழ் முறைப்படி கடைசியில் வைத்திருக்கிறான். அவனுடைய தமிழ் இலக்கண அறிவு அத்தனையும் அந்த வரியில் இருக்கிறது. அவனிடம் சொல்ல வேண்டியது இவ்வளவே: தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியே நிற்கும். தஞ்சாவூர்+இலிருந்து, பிரம்+தஞ்சாவூர். தம்பி இருப்பதையும் பணம் இருப்பதையும் அவர்கள் ‘எனக்கு’ என்று தொடங்காமல் ‘நான்’ என்று தொடங்கி, ‘ஹேவ்’ போட்டுச் சொல்வார்கள். பத்து நிமிட வேலை. எட்டு வேற்றுமையும் பள்ளியில் படித்துவிட்டு வந்திருக்கிற பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

இன்னொன்று. ‘எ’, ‘தி’ என்னும் இரண்டு சின்னச் சொற்களை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது எம்.ஏ. படித்தவரையும் வாட்டும். விதிகளை அடுக்குகிறோம், ஒன்றும் நிற்பதில்லை. ஆனால் நம் பாட்டி கதையைத் தொடங்கும் முறையைக் கவனியுங்கள். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு… முதன்முறை வரும்போது ‘ஒரு’. தெரிந்தபின் ‘அந்த’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. முக்கால்வாசி இடத்துக்குப் பொருந்தும். மீதியைப் படிக்கப் படிக்கக் கண்டுகொள்ளலாம். வீரமாமுனிவர் இலத்தீனைக் கொண்டு செய்ததை நாம் தமிழைக் கொண்டு செய்யக் கூசுவானேன்? ‘ஆங்கில வகுப்பில் தமிழ் வாடையே கூடாது’ என்னும் கொள்கை, வீதியெல்லாம் ஆங்கிலம் ஒலிக்கும் ஊரில் வேண்டுமானால் செல்லும். தமிழில் பேசிய குழந்தைக்கு அபராதம் போடும் பள்ளிகளைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. பேசினால் மலர்க்குழு அந்தப் பக்கத்தை நீக்க நேரும்.

அடுத்தது, சொல்வதற்குச் செய்தி. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, ‘இந்த வண்டியைவிட்டால் அடுத்தது எது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்’ என்பன போன்ற கணக்குகளை ஆங்கிலத்தில் தீர்க்கச் செய்தார். மனம் கணக்கில் இருக்கும்போது மொழி தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. உலகெங்கும் மொழியாசிரியர் படிக்கும் நூலாக அது வெளிவந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையை நாம்தான் மறந்துவிட்டோம். இலக்கணமே வேண்டா என்னும் அளவுக்கு நான் அவரோடு போக மாட்டேன். மேலே சொன்னதிலிருந்தே அது தெரிந்திருக்கும். ஆனால் கணக்கைப் பற்றிய அவர் கருத்து மெய்யென்று கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஆங்கில நாளேட்டில் வந்த மேட்டூர் அணைச் செய்தியை வகுப்பில் எழுதிப்போட்டேன். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. மூன்று வரி. முழுக் கொள்ளளவு 120 அடி என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ‘இப்படியே போனால் கடைமடை வரை சம்பாவுக்குத் தண்ணீர் வருமா? ஆங்கிலத்தில் சொல்லுங்கள்’ என்றேன். சிறிது நேரம் அமைதி. கடைசி வரிசையிலிருந்து, வேதாரண்யம் பக்கத்துப் பையன், அதுவரை என் வகுப்பில் வாய் திறவாதவன், எழுந்தான். ‘வாட்டர் கமிங் லெஸ். கோயிங் மோர். மை வில்லேஜ் நோ வாட்டர்’ என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கைடில் இல்லாத மூன்று வாக்கியம் அவை. அவனுடையவை. அவற்றைக் கரும்பலகையில் எழுதி, விட்டுப்போன சொற்களை அவனையும் மற்றவரையும் கொண்டே நிரப்பினோம். மணி அடித்தபின்னும், வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக வாதம் ஓயவில்லை.

இப்படிப்பட்ட செய்திகளுக்கு இங்கே பஞ்சமா? பூச்சிமருந்துப் புட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருக்கிறது. எந்த நிறம் எவ்வளவு நஞ்சு என்பதை உடன் வரும் தாளில் பொடியெழுத்தில் காணலாம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் தள்ளிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தக் கோரித் தில்லிக்கு எழுதினால் அந்த விண்ணப்பம் ஆங்கிலத்தில் போகிறது. பயிர்க் காப்பீட்டு நிபந்தனை ஆங்கிலத்தில் இருக்கிறது. இவற்றைப் படித்துத் தந்தைக்குத் தமிழில் சொல்வதும், தந்தை சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவதும் பாடமாகட்டும். கவிதை வேண்டா என்று நான் சொல்லவில்லை. கவிதை படித்துத்தான் நான் இத்துறைக்கே வந்தேன். ஆனால் அதை ஏணியின் முதற்படியாக வைத்துவிட்டு, ஏறத் தெரியவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இலேயே வந்துவிட்டது, இனி ஆங்கிலம் எதற்கு என்பார் சிலர். அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் எல்லாருக்கும் அரசுப் பணி கிடைக்காது. வேதியியல் ஆய்வேடுகளும் மருந்துப் புட்டிகளும் தமிழுக்கு மாறும் நாள் வரும் வரை, அவற்றைப் படிக்கத் தெரிந்தவன் அடுத்த வீட்டுக்காரனாகவும் நாம் கேட்டுப்போகிறவர்களாகவும் இருக்க வேண்டி வரும். மற்றொரு சாரார், கைப்பேசியைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துவிடுகிறதே என்பர். ஆம், மொழிபெயர்க்கிறது. சரியாக மொழிபெயர்த்ததா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு அது நல்ல பணியாள். தெரியாதவனுக்கு அதுவும் ஒரு கைடு.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்பதை நான் அறிவேன். வினாத்தாளில் பாதியாவது மாணவன் முன்பு பாராத பத்தியாகவும், அவன் தானே எழுத வேண்டிய கடிதமாகவும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்ப்பதாகவும் இருக்க வேண்டும். அகராதியைத் தேர்வறைக்குள் விடலாம். அகராதி பார்க்கத் தெரிவதே பாதி ஆங்கிலம். கைடு விற்பனை குறையும் என்பதைத் தவிர இதில் யாருக்கு என்ன நட்டம் என்று தெரியவில்லை. பாடத்திட்டக் குழுவில் இதை வற்புறுத்துவது என்னைப் போன்றவர் கடமை; செய்துகொண்டிருக்கிறோம், மெல்ல நகர்கிறது.

அது நகரும் வரை மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மலரின் ஆங்கிலப் பகுதிக்கு ஆண்டுதோறும் வருபவை காலத்தின் அருமை, நட்பின் பெருமை, ஒழுக்கத்தின் தேவை என்னும் கட்டுரைகள். எல்லாம் ஒரே புத்தகத்திலிருந்து வருகின்றன. புத்தகமும் எனக்குத் தெரியும். அடுத்த மலருக்கு வேறு பொருள் தருகிறேன். உங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் வழி. மேட்டூரில் திறந்த நீர் எந்த ஆற்றில் பிரிந்து, எந்த வாய்க்காலில் திரும்பி, எந்த மதகின் வழியாக உங்கள் வயலுக்கு வருகிறது, எத்தனை நாளில் வருகிறது, வராத ஆண்டில் என்ன செய்தீர்கள். பத்து வரி ஆங்கிலத்தில், கைப்பேசியை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். பொங்கல் விடுமுறைக்கு முன் ஆங்கிலத் துறை அறையில் கொண்டுவந்து கொடுத்தால், உங்களோடு உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். எழுத்துப்பிழை எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை. வாய்க்காலின் பெயரை மட்டும் சரியாக எழுதுங்கள்; அதைத் திருத்த எனக்குத் தெரியாது.